வினு மன்கட்: ஒரு கையெழுத்தின் பெறுமதி

மடுல்சீமைத் தோட்டங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் மென்பந்து ஆட்டங்களில்கூட அந்தப் பெயர் அடிபடும். பந்து வீசப்படுமுன் எல்லைக்கோட்டை விட்டு நகரும் மறுமுனைத் துடுப்பாட்ட வீரரை, பந்துவீச்சாளர் விக்கெட்டைத் தட்டி ஆட்டமிழக்கச் செய்தால் அது ‘மன்கட்’. வினு மன்கட் 1947 டிசெம்பரில் சிட்னியில் அவுஸ்திரேலிய வீரர் பில் பிரவுணை இவ்வாறு வெளியேற்றியதிலிருந்து வந்த பெயர் அது. ஆனால், அந்த மனிதரின் வாழ்க்கையில் அதைவிட முக்கியமான விடயம் ஒன்று இருக்கிறது. 1952ஆம் ஆண்டு அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம்தான் அது. ஒப்பந்தங்களால் வாழும் மலையக மக்கள் அந்தக் கதையை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

மன்கட் 1917 ஏப்ரல் 12ஆம் திகதி குஜராத்தின் ஜாம்நகரில் பிறந்தார். அது நவாநகர் சமஸ்தானத்தின் தலைநகர். சமஸ்தான அணிக்குப் பயிற்சியாளராக வந்திருந்த சசெக்ஸ் வீரர் பேர்ட் வென்ஸ்லி அவருடைய இடதுகைச் சுழல்பந்து வீச்சைச் செதுக்கினார். அன்றைய இந்திய அணியில் இளவரசர்களும் வசதி படைத்தவர்களும் இருந்தார்கள். மன்கட்டுக்கோ கிரிக்கெட்தான் பிழைப்பு. வேலையும் ஆதரவும் கிடைத்த இடங்களுக்கெல்லாம் போனார். நவாநகர், மஹாராஷ்டிரா, குஜராத், வங்காளம், பம்பாய், ராஜஸ்தான் என்று அவர் ரஞ்சிக் கிண்ணத்தில் ஆடிய அணிகளின் பட்டியலே இதைச் சொல்லும்.

1946ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் 1,000 ஓட்டங்களையும் 100 விக்கெட்டுகளையும் தாண்டினார். 1947-48 அவுஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் இரண்டு டெஸ்ட் சதங்கள் அடித்தார். 1951-52இல் இங்கிலாந்து அணி இந்தியா வந்தபோது ஐந்து டெஸ்ட் போட்டிகளில் 34 விக்கெட்டுகளை வீழ்த்தினார். 1952 பெப்ரவரியில் மெட்ராஸ் சேப்பாக்கத்தில் நடந்த கடைசிப் போட்டியில் மட்டும் 12 விக்கெட்டுகள். இந்தியா தன் முதலாவது டெஸ்ட் வெற்றியைப் பெற்றது அந்தப் போட்டியில்தான்.

அந்தக் காலப்பகுதியில்தான் ஹாஸ்லிங்டன் கழகத்தின் அழைப்பு வந்தது. முரளிதரன் ஆடியதால் லங்காஷயர் என்ற பெயர் நமக்குப் பழக்கமானது. ஹாஸ்லிங்டன் அதே பிரதேசத்தின் ஒரு பஞ்சாலை நகரம். லங்காஷயர் லீக்கில் ஒவ்வொரு கழகமும் சம்பளத்துக்கு ஒரு வெளிவீரரை வைத்துக்கொள்ளும். சனிக்கிழமை ஆட்டம் பார்க்க வரும் ஆலைத் தொழிலாளர்களின் நுழைவுக் கட்டணம் அந்தச் சம்பளத்துக்கு உதவும். நன்றாக ஆடினால் மைதானத்தைச் சுற்றிப் பணம் சேகரித்துக் கையில் கொடுப்பார்கள். மேற்கிந்தியரான லியரி கொன்ஸ்டன்ரைன் 1929இல் பக்கத்து நகரமான நெல்சனில் இப்படித்தான் வாழ்க்கையைத் தொடங்கினார்.

அதே 1952 கோடையில் இந்திய அணி இங்கிலாந்து செல்லவிருந்தது. தனக்கு அணியில் இடம் உறுதியா என்று மன்கட் கிரிக்கெட் சபையிடம் கேட்டார். உறுதி தரப்படவில்லை. அவர் ஹாஸ்லிங்டனுக்குக் கையெழுத்திட்டார்.

இந்த முடிவை இரு பக்கமும் நின்று பார்க்கலாம். அவருக்கு 35 வயது. ஒரு பக்கம் பருவம் முழுவதற்கும் உறுதியான சம்பளம். மறுபக்கம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்ற ஓர் இடம். குடும்பம் நடத்தும் ஒருவர் எதைத் தெரிவார் என்பதில் மர்மம் இல்லை. சபையின் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. ஒருவருக்கு முன்கூட்டியே உறுதி கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள். வயது ஏறிய வீரரின் ஆட்டம் எப்போது சரியும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால், சபை கொடுக்க வேண்டியிருந்தது பெருந்தொகை அல்ல, ஒரு வாக்குறுதி மட்டுமே. 34 விக்கெட்டுகளின் கணக்கும் அப்போதே அதன் கையில் இருந்தது. ஆகவே, அந்த மறுப்பு பின்னால் நடந்ததை வைத்துச் சொல்லப்படும் தவறு அல்ல. அன்றைக்கே தெரிந்திருந்த தவறு.

ஜூன் மாதம் ஹெடிங்லியில் முதலாவது டெஸ்ட். இரண்டாவது இன்னிங்ஸில் ஓர் ஓட்டம்கூட எடுக்குமுன் இந்தியா நான்கு விக்கெட்டுகளை இழந்தது. வேறு வழியின்றி ஹாஸ்லிங்டனிடம் கேட்டு மன்கட்டை வாங்கினார்கள். லோர்ட்ஸில் அவர் ஆரம்ப வீரராக 72 ஓட்டங்கள் எடுத்தார். பிறகு 73 ஓவர்கள் வீசி ஐந்து விக்கெட்டுகளைச் சாய்த்தார். மீண்டும் துடுப்பெடுத்து 184. இங்கிலாந்தின் இரண்டாவது இன்னிங்ஸில் மேலும் 24 ஓவர்கள். அப்படியும் இந்தியா எட்டு விக்கெட்டுகளால் தோற்றது. தனி ஒருவரால் முடிந்தது அவ்வளவுதான். எஞ்சிய இரண்டு போட்டிகளிலும் ஆடினார். தொடர் 3-0 என்று போனது.

அவரிடம் இன்னும் எவ்வளவு ஆட்டம் மிச்சமிருந்தது என்பதைக் காலம் சொன்னது. அந்த ஒக்டோபரில் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக 13 விக்கெட்டுகள். 1956 ஜனவரியில் மெட்ராஸில் நியூஸிலாந்துக்கு எதிராக 231 ஓட்டங்கள். பங்கஜ் ரோயுடன் சேர்ந்து அன்று குவித்த 413 ஓட்டங்கள் 2008 வரை ஆரம்ப விக்கெட்டுக்கான உலக சாதனையாக நின்றது. 1959இல் ஓய்வு பெற்றபோது 44 டெஸ்ட் போட்டிகளில் 2,109 ஓட்டங்கள், 162 விக்கெட்டுகள். முதலாம் இலக்கத்திலிருந்து பதினோராம் இலக்கம் வரை எல்லா இடங்களிலும் துடுப்பெடுத்தாடியிருந்தார். 1978 ஓகஸ்ட் 21ஆம் திகதி மும்பையில் காலமானார். 2021இல் சங்கக்காரவோடு ஐ.சி.சி.யின் புகழரங்கில் அவரும் சேர்க்கப்பட்டார்.

ஓர் ஒப்பந்தத்தை எடைபோட மன்கட்டின் கதை இரண்டு கேள்விகளைத் தருகிறது. எவ்வளவு தருகிறார்கள் என்பது ஒன்று. அதில் எவ்வளவு உறுதி என்பது மற்றது. மலையகத்தில் கூட்டு ஒப்பந்தக் காலத்திலும் சரி, 2021இல் சம்பள நிர்ணய சபை 1,000 ரூபாவை அறிவித்தபோதும் சரி, முதல் கேள்விதான் உரக்கக் கேட்டது. நாட்சம்பளம் 1,000 ரூபா, வேலை 25 நாள் என்றால் மாதம் 25,000 ரூபா. அதுவே 1,350 ரூபாவாக உயர்ந்து வேலை 15 நாளாகக் குறைந்தால் 20,250 ரூபா. தொகை ஏறியிருக்கிறது, வருமானம் இறங்கியிருக்கிறது. பறிக்க வேண்டிய கொழுந்தின் கிலோ அளவும் கூடினால் நிலைமை இன்னும் மோசம்.

மன்கட்டுக்கு உறுதி கிடைக்காதபோது போவதற்கு ஒரு ஹாஸ்லிங்டன் இருந்தது. அதனால்தான் கிரிக்கெட் சபை கடைசியில் அவரைத் தேடிப் போக வேண்டியிருந்தது. லயத்து வீடும் தோட்டத்துக்கே சொந்தமாக இருக்கும்வரை, மடுல்சீமையில் கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு அப்படி இன்னோர் இடம் இல்லை. அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் தொழிற்சங்கங்கள் நாட்சம்பளத் தொகையோடு வேலை நாட்களையும் எழுத்தில் கேட்க வேண்டும். காணி உரிமையையும் விடாமல் கேட்க வேண்டும்.