கிராவல் குழியில் கிடைத்த கல்



சிவில் படிக்கும் நமக்குக் கிராவல் குழி என்றால் ரோட்டுக்கு மண் எடுக்கும் இடம், அவ்வளவுதான். அப்படி ஒரு குழியின் ஓரத்தில் கிடந்த கல்லைக் குனிந்து எடுத்து, நம் நாட்டு மனிதனின் கதையைப் பல லட்சம் ஆண்டுகள் முன்னே கொண்டு போனவர் ஒருவர் உண்டு. அவர்தான் இராபர்ட் புரூஸ் ஃபூட்.

1834-ல் இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாமில் பிறந்தவர். 1858-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். அப்போது ஜீப் ஏது, துளை போடும் மிஷின் ஏது? ஓடைக்கரை, கிணறு, மண் வெட்டிய பள்ளம், இவைதான் அவருக்கு டிரையல் பிட். எந்த அடுக்கு, எவ்வளவு கனம், அதற்குக் கீழே என்ன என்று பார்த்துக் குறிப்பதே அவர் உத்தியோகம்.

1863 மே 30. பல்லாவரம் ராணுவ மைதானத்தில் சில அடி ஆழமே தோண்டிய ஒரு சரளைக் குழி. வெளியே அள்ளிப் போட்டிருந்த செம்புரைச் சரளையில் ஒரு குவார்ட்சைட் கல் அவர் கண்ணில் பட்டது. தண்ணீர் உருட்டின கல் வழவழவென்று இருக்கும். இதிலோ செதில் செதிலாகக் கை வைத்துத் தட்டிய அடையாளம். பழைய கற்கால மனிதனின் கருவி!

அதோடு அவர் நிற்கவில்லை. குவியலில் கிடந்த கல் எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று எப்படிச் சொல்வது? அதே செப்டம்பரில் வில்லியம் கிங் என்பவரோடு கொற்றலையாற்றுப் பக்கம் அத்திரம்பாக்கம் போய், சரளை அடுக்குக்குள்ளேயே பதிந்திருந்த கருவிகளைக் கண்டார். அந்த இடத்தில் சாந்தி பப்பு குழுவினர் செய்த ஆய்வு, மிகப் பழைய கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் வெளியானது.

33 வருஷம் அந்தத் துறையில் உழைத்து 1891-ல் ஓய்வு பெற்றார். பிற்காலத்தில் ஏற்காட்டில் வசித்தார். சேர்த்து வைத்த கருவிகளை 1904-ல் சென்னை அருங்காட்சியகம் 40,000 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. 1912-ல் கல்கத்தாவில் காலமானார்.

நான் திருப்பருத்திக்குன்றத்துக்காரன். தறிக்காரர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன். எங்கள் ஊர் ஜைனர் கோயிலின் கூரை ஓவியங்களைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். பழமை என்றால் கோயில்தான் என்று நானும் நினைத்திருந்தேன். ஃபூட் வரலாறு படித்த பிறகு, லாரி லாரியாகப் போகும் செம்மண்ணையும் சும்மா பார்க்க முடியவில்லை.

நண்பர்களே, நாளை நாமும் புதுக் குழிக்கு மண் பார்க்கப் போவோம். சல்லடை போடுவோம், பிராக்டர் பார்ப்போம், 4 நாள் ஊற வைத்து சி.பி.ஆர். எடுப்போம். ரோட்டின் சப்-பேஸுக்கு என்றால் திரவ எல்லை 25, பிளாஸ்டிசிட்டி இண்டெக்ஸ் 6 தாண்டக் கூடாது. ஆனால் மூட்டையில் கட்டி வரும் மண் எந்த ஆழத்து மண்? குவியலின் மேலே அள்ளினால் பெரிய கல் எல்லாம் அடிவாரத்துக்கு உருண்டு போயிருக்கும். ரிப்போர்ட் பாஸாகும், ரோடு அடுத்த மழையில் உட்காரும். குழிக்குள் இறங்கி, வெட்டு முகத்தில் அடுக்குக்கு அடுக்கு மாதிரி எடுத்து, ஆழம் குறிப்பதுதான் முறை. ஃபூட் அத்திரம்பாக்கம் போனதும் இதற்குத்தான்.

ஒரு முறை வாரிவிட்ட அடுக்கு திரும்ப வராது. வெறும் பள்ளம்தான் மிஞ்சும். மழைக்காலத்தில் அதில் தண்ணி நிற்கும், பிள்ளைகள் இறங்கும். எடுக்கும் முன் எழுதி வைப்பதும், எடுத்த பின் சரிவு வெட்டி மூடச் சொல்வதும் கையெழுத்துப் போடுகிறவன் பொறுப்பு. அந்தக் கையெழுத்து நம்முடையதாக இருக்கப் போகிறது. அதற்கு முன் ஒரு தடவை குனிந்து பார்ப்போம்!