டூயி கண்ட பள்ளி

அமெரிக்கத் தத்துவ அறிஞரான ஜான் டூயி 1859ஆம் ஆண்டிற் பிறந்தார். சிகாகோ பல்கலைக்கழகத்திற் பேராசிரியராய் இருந்தகாலை, 1896ஆம் ஆண்டு, 16 சிறுவரைக் கொண்டு ஒரு தொடக்கப்பள்ளி நிறுவினார். மேசை வாங்கப் பல கடைகள் ஏறி இறங்கினார். அங்கிருந்தவை யாவும் அமர்ந்து பாடங் கேட்டற்கே ஏற்றவை. கைவேலைக்கு உகந்தது ஒன்றுமில்லை என்பதை வணிகர் ஒருவரே எடுத்துரைத்தாராம்.

அப்பள்ளியில் மாணவர் சமைத்தனர், நெய்தனர், சமையற்பொருளை அளந்தே பின்னக் கணக்கைக் கற்றனர். ஒருமுறை பருத்திக் கொட்டையினின்று பஞ்சைக் கையாற் பிரித்தனர். அரைமணி நேரம் முயன்றும் ஓர் அவுன்சு பஞ்சுகூடத் தேறவில்லை. தம் முன்னோர் பருத்தியை விடுத்துக் கம்பளி உடுத்தது ஏன் என்பது அவர்கட்கு அப்போதே விளங்கிற்று.

ஏடு ஓதவேண்டிய பிள்ளைகள் பஞ்சு பிரித்தலைக் கண்டு பெற்றோர் ஐயுற்றிருப்பின் வியப்பில்லை. 1899இல் டூயி அவர்களைக் கூட்டித் தம் நோக்கத்தை விளக்கினார். அச்சொற்பொழிவுகளே ‘பள்ளியும் சமுதாயமும்’ என்னும் நூலாயின. 1901இல் அப்பள்ளியை மற்றொன்றோடு இணைக்கப் பல்கலைக்கழகம் முற்பட்டபொழுது, அப்பெற்றோரே எதிர்த்து நின்று, பொருளுதவிக்கும் உறுதி கூறினர். இணைப்புத் தள்ளிப்போயிற்று, ஆயினும் 1903இல் நிகழ்ந்தது. தலைமையாசிரியையாய் இருந்த தம் மனைவி ஆலிசுக்கு அங்குத் தொடர்ந்து பணியாற்ற இடமில்லையென அறிந்த டூயி, 1904இல் பதவியைத் துறந்தார். பின்னர் நியூயார்க்கு நகரிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயினார், 1952இல் மறைந்தார். அவர் தொடங்கிய பள்ளி சிகாகோவில் இன்றும் நடைபெறுகின்றது.