தங்கையின் நினைவில் தழைத்த ஆலமரம்

பெண்கள் பள்ளிக்குச் செல்வதே அரிதாயிருந்த காலத்தில் மருத்துவம் பயின்று, மாதர் குலத்துக்கு ஒளிவிளக்காய்த் திகழ்ந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். அன்னாரின் வாழ்க்கையைச் சற்றே நோக்குவோம்.

அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் அவர் சேர எதிர்ப்பு எழுந்தது. மன்னரின் அனுமதியால் இடம் கிடைத்தது. பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1912-இல் மருத்துவரானார். சென்னை மாகாணச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினராகித் தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லம் நிறுவினார்.

ஆயினும் அவர் மனத்தில் ஆறாத புண் ஒன்று இருந்தது. 1923-இல் அவருடைய தங்கை புற்றுநோயால் மாண்டார். முதலில் அதைச் சீதபேதி என்றே கருதினர். உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அக்காள் மருத்துவராயிருந்தும் தங்கையைக் காப்பாற்ற இயலவில்லை!

அத்துயரிலும் அம்மையார் துவண்டுவிடவில்லை. புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை வேண்டுமென்று பல்லாண்டுகள் பாடுபட்டார். இந்நோய் வந்தால் பிழைப்பதரிது, மருத்துவமனை எதற்கு என்று எண்ணியோர் அந்நாளில் பலர். அவரோ இந்திய மாதர் சங்கத்தின் துணையுடன் நிதி திரட்டினார். 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை தொடங்கியது. இன்று அது ஆலமரமாய்த் தழைத்து நிற்கிறது. 1956-இல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார், 1968-இல் மறைந்தார்.

இப்போது தமிழகமெங்கும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயது நிறைந்த பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை இலவசமாகச் செய்யப்படுகிறது. கட்டி ஏதும் உண்டா என்று தொட்டுப் பார்ப்பார்கள். ஐயம் தோன்றினால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். ஆரம்பத்திலேயே கண்டால் குணமாக்கும் வாய்ப்பு மிகுதி.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் வாழும் எங்கள் அன்னையர், வீட்டில் எல்லோருக்கும் மருந்து வாங்கித் தருவார்கள். தம் உடலில் நோவு வந்தாலோ மறைப்பார்கள். இதைப் பற்றி அம்மாவிடம் பேச நாங்களும் முதலில் வெட்கப்பட்டோம். வெட்கத்தால் நாள் கடத்தினால் நோய் காத்திருக்குமா?

அன்பான தோழியரே! இன்று மாலையே நம் அம்மாவிடமும், பெரியம்மா, சித்தி, அத்தையிடமும் இதைச் சொல்வோம். அவர்கள் தயங்கினால் கைப்பிடித்து அழைத்துச் செல்வோம். அதுவே அம்மையாருக்கு நாம் செய்யும் உண்மையான அஞ்சலியாகும்.