அடிமையை விடுவித்த தீர்ப்பு... யார் இந்த மான்ஸ்ஃபீல்ட் பிரபு?

ஸ்காட்லாந்தில் 1705-ல் பிறந்த வில்லியம் முர்ரே, லண்டனில் வக்கீலாகப் பேர் வாங்கியவர். 1742-ல் எம்.பி., 1754-ல் அட்டர்னி ஜெனரல், 1756-ல் தலைமை நீதிபதி. கூடவே மான்ஸ்ஃபீல்ட் பிரபு பட்டம்.

1772-ல் வந்தது அந்த வழக்கு. தப்பியோடிய அடிமை ஜேம்ஸ் சோமர்செட்டைப் பிடித்து, ஜமைக்காவில் விற்கக் கப்பலில் அடைத்திருந்தார்கள். சமரசமா முடிக்கப் பார்த்தார் மான்ஸ்ஃபீல்ட், நடக்கல. கடைசியில், ஒருவரை இப்படி வலுக்கட்டாயமாக நாடு கடத்த இங்கிலாந்து சட்டத்தில் இடமில்லை என்று சோமர்செட்டை விடுவித்தார்.

அப்போ அடிமைமுறை ஒழிஞ்சுதா? இல்லை. காலனிகளில் அது தொடர்ந்தது.

அவர் வீட்டிலேயே வளர்ந்தவர் டைடோ பெல். மான்ஸ்ஃபீல்டின் சகோதரி மகனுக்கும் ஓர் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்தவர். தன் தீர்ப்பை மட்டும் நம்பி அவரை விட்டுவிடவில்லை மான்ஸ்ஃபீல்ட். 1793-ல் இறந்தபோது, டைடோ சுதந்திரமானவர் என்று உயிலில் தனியாகவே எழுதி வைத்திருந்தார்.