புடவை மூட்டையோடு தோட்டத்துக்குள் நுழைந்த நடேசய்யர்

1920ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் மலையகத் தோட்டம் ஒன்றுக்குள் வெளியார் ஒருவர் நினைத்தபடி காலடி வைக்க முடியாது. தோட்டம் என்பது கம்பனியின் தனிச்சொத்து. உள்ளே யார் வரலாம், யார் வரக்கூடாது என்பதைத் தீர்மானிப்பவர் துரை. சொந்தத் தங்கையைப் பார்க்க அடுத்த தோட்டத்திலிருந்து வருபவனைக்கூட அத்துமீறி நுழைந்தவன் என்று பொலிசில் ஒப்படைக்க வழி இருந்தது. பத்திரிகைக்காரனோ அரசியல்வாதியோ என்று தெரிந்தால் சொல்லவே வேண்டாம். வாசலிலேயே காவற்காரன் மறித்துவிடுவான்.

ஆனால் புடவை வியாபாரியை மட்டும் விட்டார்கள். சம்பளம் போட்ட கையோடு தலையில் மூட்டையைச் சுமந்துகொண்டு லயத்துக்கு லயம் போய்ச் சேலையும் வேட்டியும் விற்பவனால் துரைக்கு எந்த ஆபத்தும் இல்லை. தஞ்சாவூரிலிருந்து வந்த கோதண்டராம நடேசய்யர் அந்த மூட்டையைத்தான் தலையில் தூக்கினார். ஆங்கிலம் படித்த பிராமணர், வர்த்தகர் சங்கத்தோடு தொடர்புடையவர், பத்திரிகை நடத்தியவர். அப்படிப்பட்ட ஒருவர் புடவைக்காரனாக வேடமிட்டுத் தோட்டம் தோட்டமாகப் போனார் என்பது இன்று கேட்கச் சுவையான கதைதான். ஆனால் பிடிபட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். அவருக்கு இந்த நாட்டில் வீடு இல்லை, உறவு இல்லை, வாக்கு இல்லை. கப்பலேற்றி அனுப்பிவிட அரசாங்கத்துக்கு ஒரு காகிதமே போதும்.

நடேசய்யரைப் பற்றி எழுத நெடுநாளாக எனக்கு ஆசை. நான் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கண்டி மன்னர்களைப் பற்றிச் சொல்லித்தந்தார்கள், ஆங்கிலேயத் தேசாதிபதிகளின் பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்ய வைத்தார்கள். எங்கள் முன்னோருக்குத் தொழிற்சங்கம் என்ற ஒன்றை முதன்முதல் அமைத்துக் கொடுத்தவரின் பெயர் அந்தப் பாடங்களில் இல்லை. சாரல் நாடன் அவரைத் தேடித் தேடி எழுதியிராவிட்டால் என் தலைமுறைக்கு அவர் யாரென்றே தெரியாமல் போயிருக்கும்.

இந்த மனிதரிடம் எனக்கு வியப்பாக இருப்பது, அவர் இயல்பிலேயே துணிச்சலைத் தேடி அலைந்தவராகத் தெரியவில்லை என்பதுதான். தொடக்க கால வேலைகளைப் பாருங்கள். வியாபாரிகளுக்காகப் பத்திரிகை நடத்தினார். எண்ணெய் இயந்திரங்களைப் பற்றி நூல் எழுதினார். இன்ஷூரன்ஸ் பற்றியும் தமிழில் எழுதினார். நட்டம் வந்தால் எப்படி ஈடுகட்டுவது, ஆபத்துக்கு எப்படி முன்கூட்டியே காப்பு எடுத்துக்கொள்வது என்று மற்றவர்களுக்கு விளக்கிய மனிதர், தன் வாழ்க்கைக்கு மட்டும் எந்தக் காப்பும் எடுத்துக்கொள்ளவில்லை. அப்படியே தஞ்சாவூரில் தங்கியிருந்தால் வணிக நூலாசிரியராக, மதிப்புள்ள கனவானாக வாழ்ந்து முடித்திருப்பார்.

மூட்டையைச் சுமந்து அவர் பார்த்தது என்ன? பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவுள்ள காம்பராக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம், சில இடங்களில் இரண்டு. விடியுமுன் பிரட்டுக்களம். அதற்கெல்லாம் மேலே கங்காணியின் கடன். ஊரிலிருந்து புறப்படும்போது வாங்கிய முன்பணம், வழிச்செலவு, கோயில் திருவிழா, பிள்ளைக்குக் காது குத்து என்று கடன் ஏறிக்கொண்டே போகும். ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால் அவனுடைய கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டை எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். இலகுவாகச் சொன்னால், ஆளை விற்றார்கள். 1921இல் சட்டம் இந்தத் துண்டு முறையை ஒழித்தது. ஆனால் கடன் ஒழியவில்லை, கங்காணியும் ஒழியவில்லை. வேலைக்கு வரும் ஒவ்வொரு ஆளுக்கும் பெரிய கங்காணிக்குக் கிடைத்த பென்ஸ் காசும் தொடர்ந்தது.

கொழும்பில் 1921இல் தேசநேசன் என்ற பத்திரிகையின் ஆசிரியரானார். 1924இல் தேசபக்தன் வந்தது. தோட்டங்களில் தான் கண்டதையும் கேட்டதையும் அதில் எழுதினார். துரைமாரின் ஆட்சியைக் கண்டித்து ஆங்கிலத்திலும் பிளாண்டர் ராஜ் என்ற பிரசுரத்தை வெளியிட்டார். துரைமார் சங்கம் அரசாங்கத்திடம் முறையிட்டது. பொலிஸ் பின்னாலேயே திரிந்தது. அவரை நாடு கடத்தும் பேச்சும் எழுந்தது. இதற்கிடையில் அதே 1924இல் அவர் ஒரு துப்பறியும் கதைப் புத்தகமும் வெளியிட்டிருக்கிறார். தன்னைத் துப்பறிந்துகொண்டிருந்தவர்கள் அதை வாசித்தார்களோ என்னவோ!

கொழும்புத் தொழிலாளரின் தலைவராக அப்போது இருந்தவர் ஏ.ஈ. குணசிங்க. நடேசய்யர் அவருடைய தொழிற்சங்கத்தில் சேர்ந்து உபதலைவரானார். துறைமுகத்திலும் ரயில்வேயிலும் சிங்களவரும் தமிழரும் மலையாளிகளும் ஒன்றாக நின்ற காலம் அது. 1925இல் சட்டசபையில் இந்தியருக்கு ஒதுக்கப்பட்ட இரண்டு ஆசனங்களில் ஒன்று வெற்றிடமானது. இடைத்தேர்தலில் நின்று வென்றார். படிப்பும் சொத்தும் உள்ளவர்களுக்கு மட்டுமே வாக்குரிமை இருந்த நாட்கள். அவரைத் தெரிவுசெய்தவர்களில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தியும் இருந்திருக்க வழியில்லை. ஆனாலும் சபைக்குள் அவர் பேசியது பெரும்பாலும் அந்தப் பெண்ணைப் பற்றித்தான். 1927இல் தோட்டத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தபோது அவர் சபையில் இருந்தார். அதன்படி மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் நிர்ணயிக்கப்பட்டன.

இங்கேதான் அவருடைய வாழ்க்கையின் பெரிய முடிவு வருகிறது. புடவை மூட்டையைவிட இதையே நான் பெரிய துணிச்சலாகக் கருதுகிறேன். 1920களின் இறுதியில் பொருளாதாரம் சரியத் தொடங்கியதும் குணசிங்கவின் போக்கு மாறியது. வேலையில்லாத் திண்டாட்டத்துக்கு இந்தியத் தொழிலாளரே காரணம் என்ற பிரசாரம் கொழும்பில் சூடு பிடித்தது. நடேசய்யர் விலகினார். எழுத ஒரு வாக்கியம்தான். ஆனால் அவர் விட்டு வந்தது நாட்டின் மிகப் பலமான தொழிற்சங்கத்தின் இரண்டாவது நாற்காலியை. தேசபக்தனும் 1929இல் நின்றுபோனது. கையில் சங்கமும் இல்லை, பத்திரிகையும் இல்லை.

அந்த நிலையில் கொழும்பை விட்டுப் புறப்பட்டு ஹட்டனுக்கு வந்து குடியேறினார். 1931 ஜனவரியில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். மலையகத் தொழிலாளருக்கென்று எழுந்த முதலாவது தொழிற்சங்கம் அதுதான். காலத்தைக் கவனியுங்கள். உலக மந்தம் தேயிலை விலையை விழுத்தியிருந்தது. தோட்டங்கள் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தன. ஆயிரக்கணக்கானோர் மண்டபம் வழியாக இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். நிர்ணயித்த சம்பளத்தையே வெட்டினார்கள். தொழிற்சங்கங்களுக்கான சட்டம் வர இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. சங்கம் தொடங்க இதைவிடக் கெட்ட நேரம் கிடைத்திருக்காது. ஆனால் சங்கம் அதிகம் தேவைப்பட்ட நேரமும் அதுதான். சம்பள வெட்டை ஏற்கக் கூடாது என்று அவர் தோட்ட மக்களுக்குச் சொன்னார்.

ஹட்டன் கூட்டங்களுக்குத் தோட்டத்திலிருந்து நடந்து வந்தவர்களைப் பற்றியும் இங்கே பேசியாக வேண்டும். நடேசய்யர் வழக்கில் தோற்றால் அபராதம் கட்டுவார், மிஞ்சிப்போனால் சிறை. கூட்டத்துக்கு வந்த தொழிலாளியைக் கணக்கப்பிள்ளை அடையாளம் கண்டு சொன்னால் நிலைமை வேறு. அவனுக்கு வேலையும் வீடும் ஒன்றுதான். பேர் வெட்டினால் காம்பராவையும் காலி செய்ய வேண்டும். பற்றுச்சீட்டில் நல்ல வார்த்தை இல்லாவிட்டால் பக்கத்துத் தோட்டத்திலும் எடுக்க மாட்டார்கள். மனைவியும் பிள்ளைகளும் சட்டிபானையோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான். அப்படியிருந்தும் வந்தார்கள். அவர்களுடைய பெயர்கள் எந்தப் பதிவிலும் இல்லை. தலைவர்களின் துணிச்சலைப் பற்றி எழுதும் நாம், இந்தப் பெயரில்லாதவர்கள் பணயம் வைத்ததை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

இன்னொருவரும் அப்படிக் கடக்கப்பட்டவர்தான். நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மை. மக்களுக்குத் தெரிந்த மெட்டுகளில் தொழிலாளரின் துயரத்தைப் பாட்டாக எழுதி, கூட்டங்களில் தானே எழுந்து பாடினார். சிறு பிரசுரங்களாகவும் வெளியிட்டார். 1930களில் குடும்பப் பெண் ஒருத்தி ஆண்கள் நிறைந்த மைதானத்தில் நின்று துரையையும் கங்காணியையும் எதிர்த்துப் பாடுவது என்றால், அதற்குச் சட்டத்தின் தண்டனையைவிட ஊரின் வாய் கொடுக்கும் தண்டனை பெரிது. எழுதப் படிக்கத் தெரியாத மக்களிடம் பத்திரிகை போகாத இடத்துக்கெல்லாம் பாட்டு போனது. நடேசய்யரும் இதைப் புரிந்துகொண்டிருந்தார். இராமசாமி சேர்வையின் சரிதம் என்ற நாடகத்தில் கங்காணி முறையை மேடைக்குக் கொண்டுவந்தார். துரைமாரைத் திட்டினால் கங்காணிமார் உள்ளூரச் சிரிப்பார்கள். கங்காணிமாரையும் சேர்த்துத் திட்டியவருக்கு நம்மவர்களுக்குள்ளேயே பகை வந்தது. சாதியும் கடனும் குலதெய்வமும் சேர்ந்த அந்தக் கட்டுமானத்தோடு மோதுவது துரையோடு மோதுவதைவிடச் சிக்கலானது.

1931இல் டொனமூர் அரசியலமைப்பின்படி அரசாங்க சபை அமைந்தபோது ஹட்டன் ஆசனம் பெரி சுந்தரத்துக்குப் போனது. 1936 தேர்தலில் அதே ஹட்டன் தொகுதியில் நடேசய்யர் வென்றார். இந்த முறை வாக்களித்தவர்களில் தோட்டத் தொழிலாளர்களும் இருந்தார்கள். மூட்டை சுமந்து திருட்டுத்தனமாக நுழைந்தவரை அதே லயங்கள் சபைக்கு அனுப்பின. அங்கே அவர் பெரும்பாலும் தனித்தே நின்றார். கிராம சபை வாக்குரிமையிலிருந்து தோட்டத் தொழிலாளரை ஒதுக்கியது, அரசாங்க வேலையில் இருந்த இந்தியத் தினக்கூலிகளை வீட்டுக்கு அனுப்பியது என்று அந்தப் பத்தாண்டில் ஒன்றன்பின் ஒன்றாக வந்த நடவடிக்கைகள் எல்லாம் ஒரே பக்கம் நோக்கியே போயின.

1939 ஜூலையில் நேரு வந்தார். இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. அடுத்த ஆண்டு அதன் தொழிற்சங்கம் தொடங்கியது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிசின் துப்பாக்கிச் சூட்டுக்குக் கோவிந்தன் பலியானபோது மலையகம் கொதித்துப்போயிருந்தது. அந்தக் கொதிப்பில் புதிய சங்கங்கள் தோட்டம் தோட்டமாகப் பரவின. அவற்றுக்குப் பணம் இருந்தது, பல தலைவர்கள் இருந்தார்கள், இந்தியாவின் பெரிய பெயர்களின் ஆசியும் இருந்தது. நடேசய்யரின் சம்மேளனத்துக்கு நடேசய்யர் மட்டுமே இருந்தார். அவர் காங்கிரசுக்குள் கரைந்துவிடவில்லை.

இதைப் பிடிவாதம் என்பாரும் உண்டு. ஓரளவு நானும் அப்படித்தான் நினைக்கிறேன். இருபது வருடம் தனியாக நின்று பழகியவருக்குப் பத்தில் ஒருவராக உட்காருவது கடினம். தனியாகப் போவதில்தான் தன் பலம் என்று நம்பிய மனிதர், காலம் மாறியதும் அதே கணக்கைப் போட்டார். முன்பு மூட்டையோடு போனபோது அவர் இழக்கக்கூடியது அவருடைய சொந்த வாழ்வு மட்டும். 1940களில் அவர் தனித்து நின்றபோது அவரை நம்பி நின்ற தொழிலாளர்களும் சேர்ந்து பலமிழந்தார்கள். அவருடைய பெருமையைச் சொல்பவர்கள் இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

1947 பொதுத் தேர்தலில் காங்கிரஸ் சார்பில் தொண்டமான், சி.வி. வேலுப்பிள்ளை உட்பட ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். நடேசய்யர் தோற்றார். தேர்தல் முடிந்து இரண்டு மாதத்துக்குள், அந்த ஆண்டு நவம்பர் 7ஆம் திகதி காலமானார்.

அடுத்த ஆண்டு வந்த பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அதைத் தொடர்ந்து வாக்காளர் இடாப்பிலிருந்தும் அவர்களுடைய பெயர்கள் போயின. 1952 தேர்தலில், அவரை ஒருமுறை வெல்லவைத்த ஹட்டன் பகுதியிலிருந்து தோட்ட மக்களின் பிரதிநிதி என்று ஒருவர்கூடச் சபைக்குப் போகவில்லை.