காலஞ்சென்ற எஸ். கரிவரதன்

செல்வத்தைத் தமக்கே பயன்படச் செலவிடுவார் பலர். தாம் விரும்பிய கலை பிறர்க்கும் கைகூடுமாறு செலவிடுவார் சிலர். அச்சிலருள் ஒருவராகிய கோவை நகரத்துப் பந்தயக் கார்ச் சிற்பி எஸ். கரிவரதன் அவர்களின் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

அன்னார் 1954-ஆம் ஆண்டில், பஞ்சாலைத் தொழிலிற் சிறந்த குடும்பத்தில் தோன்றினார். இராஜபாளையம், செட்டியார்பட்டிப் பக்கத்தினராகிய நமக்கு ஆலையும் தறியும் புதியன அல்ல. ஆலைத்தொழில் செழித்த ஊரிற் கடைசல், வார்ப்பு முதலிய தொழில்களும் உடன் வளரும். கோவையில் அங்ஙனம் வளர்ந்த பட்டறைகளே இவரது ஆர்வத்திற்கு விளைநிலமாயின.

அந்நாளில் தென்னாட்டுக் கார்ப்பந்தயங்கட்குப் பேர்போன இடம் சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத்தளம் அது. ஆங்குக் கரிவரதன் கார் ஓட்டுவதிலும், காரைப் பந்தயத்திற்கு ஏற்பத் திருத்தி அமைப்பதிலும் ஒருங்கே புகழ் பெற்றார்.

கார் திருத்துவார்க்கு அந்நாளில் உயிர்நிலையாக விளங்கியது கார்புரேட்டர் ஆகும். அதன் குறுகிய தொண்டை வழியே காற்று விரையுங்கால் அழுத்தங் குறைய, பெட்ரோல் ஜெட் என்னும் நுண்துளையினின்றும் தூவலாய் எழுந்து கலக்கும். சிறு கார்கட்கு ஒன்றிரண்டு தொண்டைகள் போதும். அமெரிக்க நேர்பாதைப் பந்தயக் கார்கள் பலவற்றிற்கு நான்கு உண்டு. எத்துணைத் தொண்டையாயினும் விதி ஒன்றே. எடையளவில் ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிய ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். எஞ்சின் முழுவலிமை தருதற்கோ 12 அல்லது 13 பங்கே தக்கது. பெட்ரோல் குறையின் எஞ்சின் மிகச் சூடேறிப் பிஸ்டன் கெடும். மிகின் பிளக்கிற் கரி படியும், வேகமும் குன்றும். பிளக்கைக் கழற்றி அதன் நிறம் நோக்கி, ஜெட்டை மாற்றி மாற்றிச் செப்பஞ்செய்தல் பொறுமையின்றி வாராத கலையாம்.

ஆயினும், அயல்நாட்டுப் பந்தயக் கார்கள் பெருவிலையும் பெருஞ்சுங்கமும் உடையன. திறமையுள்ள இளைஞன் செல்வனாகவும் பிறந்தாலன்றிப் பந்தயத்தை எட்ட இயலாது. இத்தடையை உடைத்ததே கரிவரதனின் அருஞ்செயல். 1988-இல், யாவரும் அறிந்த மாருதி 800 காரின் 796 கன சென்டிமீட்டர் எஞ்சினைக்கொண்டு, ஒருவர் அமரும் பந்தயக் காரைக் கோவையிலேயே வகுத்தார். பார்முலா மாருதி எனப்பட்டது அஃதே. எல்லார்க்கும் எஞ்சின் ஒன்றேயாக, பணப்பையின் கனம் பின்னிற்ப, ஓட்டுவோன் திறமும் கருவி திருத்துவோன் நுட்பமும் முன்னின்றன.

இதன் பயனை நாடு பின்னர்க் கண்டது. கோவை இளைஞர் நாராயண் கார்த்திகேயன் இவ்வகைக் காரிலேயே பந்தயவாழ்வைத் தொடங்கி, 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். அந்நாளைக் காணும் பேறு கரிவரதனுக்கு வாய்த்திலது. 1995 ஆகஸ்டில் விமான விபத்தொன்றில், நாற்பதைச் சற்றே கடந்த வயதில், அன்னார் உயிர்நீத்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பெற்ற பந்தயத்தளம் கரி என அவர் பெயர் தாங்கி நிற்கின்றது.

அவர் தாம் வென்ற கோப்பைகளை எண்ணி மகிழ்வதோடு நின்றிருப்பின் நாம் இன்று அவரை நினையோம். தமக்கு எளிதாயிருந்த வாயிலைப் பிறர்க்கும் எளிதாக்கினமையால் நினைகின்றோம். கல்வி என்னும் வாயிலுள் முன்னர்ப் புகுந்த நாமும் பின்வருவார்க்கு அதனைத் திறந்துவைப்போமாக.