ஐடியா 1765, இன்ஜின் 1776

கெட்டில் மூடி ஆடுறதைப் பார்த்து ஜேம்ஸ் வாட் நீராவி இன்ஜினைக் கண்டுபிடிச்சார்னு ஸ்கூல்ல கேட்டிருப்போம். அது சும்மா கதை. அவர் பிறந்தது 1736-ல். அதுக்கு முன்னாடியே நியூகோமன் இன்ஜின்கள் சுரங்கத்துல தண்ணி இறைச்சுக்கிட்டு இருந்தன.

வாட் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்பவர். 1763-ல் பாடம் நடத்த வைத்திருந்த நியூகோமன் மாடல் ஒன்று அவரிடம் ரிப்பேருக்கு வந்தது. ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் சிலிண்டரைச் சூடாக்கி, உடனே தண்ணீர் விட்டுக் குளிர வைக்கணும். நீராவியில் பெரும்பகுதி அதுக்கே போச்சு. தனியா ஒரு கண்டென்சர் வைத்து அங்கே குளிர வைத்தால் சிலிண்டர் சூடாகவே இருக்குமே! இது தோன்றியது 1765-ல்.

அந்த இன்ஜின் சுரங்கத்தில் வேலை செய்ய ஆரம்பித்தது 1776-ல். நடுவில் பதினோரு வருஷம்.

முதலில் பணம் போட்டவர் ஜான் ரோபக். வாட்டின் கடனை ஏற்றுக்கொண்டு பேட்டன்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாங்கினார். 1769-ல் பேட்டன்ட் கிடைத்தது, இன்ஜின் மட்டும் சரியா ஓடலை. சிலிண்டரைச் சரியான வட்டமாகச் செய்ய ஆள் இல்லை. பிஸ்டன் ஓரமாக நீராவி கசிந்தது. வயித்துப்பாட்டுக்கு வாட் கால்வாய் சர்வே பண்ணப் போனார். 1773-ல் ரோபக் திவால். அதே வருஷம், சர்வேக்காக வெளியூரில் இருந்தபோது, வாட்டின் மனைவி மார்கரெட் இறந்துபோனார். இவருக்கு வயது 37, கையில் சின்னப் பிள்ளைகள்.

ரோபக் தனக்குத் தர வேண்டிய கடனுக்கு ஈடாக அந்தப் பங்கை எடுத்துக்கொண்டவர் மேத்யூ போல்டன். பர்மிங்காமில் பட்டனும் பக்கிளும் செய்யும் பெரிய தொழிற்சாலை வைத்திருந்தார். கைத்தேர்ந்த தொழிலாளிகள் அவரிடம் இருந்தார்கள். வாட் 1774-ல் அங்கே குடிபோனார். சிலிண்டர் சிக்கலைத் தீர்த்தவர் ஜான் வில்கின்சன். பீரங்கிக் குழாய் கடையும் மெஷினைச் செய்தவர், அதே வித்தையில் சிலிண்டரையும் கச்சிதமா கடைந்து கொடுத்தார். தெர்மோடைனமிக்ஸ் முடிஞ்சு எவ்வளவோ நாள் ஆச்சு, காத்திருந்தது மேனுஃபேக்சரிங்குக்குத்தான்!

விற்ற விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கார்ன்வால் சுரங்கங்களுக்கு நிலக்கரி கடல் வழியா வரணும், விலை அதிகம். பழைய இன்ஜினோடு ஒப்பிட்டு மிச்சமாகும் கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் போதும் என்றார்கள். ஸ்ட்ரோக்கை எண்ண ஒரு கவுன்டரையும் மாட்டினார்கள். பின்னாடி அந்தக் காசைக் கொடுக்கச் சொன்னப்போ சண்டை வந்தது வேற கதை. பேரம் பேசறதுன்னாலே வாட்டுக்கு அலர்ஜி. அந்தத் தலைவலியெல்லாம் பெரும்பாலும் போல்டனுக்கு.

சுரங்கச் சந்தை சுருங்கும் என்று பார்த்து, சக்கரம் சுற்றும் இன்ஜின் வேணும்னு நச்சரித்தவரும் போல்டன்தான். ஆலைக்காரர்களுக்குப் புரியட்டும் என்று வாட் குதிரைத்திறன் கணக்குப் போட்டது இந்தச் சமயத்தில்தான்.

1777-ல் வேலைக்குச் சேர்ந்த வில்லியம் முர்டாக், கார்ன்வாலில் எந்த இன்ஜின் நின்றாலும் போய் ஓட வைத்தவர். நீராவியில் ஓடும் குட்டி வண்டி ஒன்றையும் செய்து காட்டினார். வாட் அதை வளர விடலை. உயர் அழுத்த நீராவி ஆபத்து என்பது அவர் கட்சி. 1800 வரை பேட்டன்ட்டும் அவர் கையில். இங்கே வாட் மேல எனக்குக் கோபம்தான். பேட்டன்ட் முடிந்த அடுத்த வருஷமே ட்ரெவிதிக் ரோட்டில் நீராவி வண்டி ஓட்டினார்.

முர்டாக் கம்பெனியை விட்டுப் போகவில்லை. 1819-ல் வாட் இறந்த பிறகும் அங்கேயே இருந்தார். ஹான்ட்ஸ்வொர்த் தேவாலயத்தில் போல்டன், வாட், முர்டாக் மூன்று பேரையும் அடக்கம் செய்திருக்கிறார்கள்.